மாணவ இதழியலில் நலன் முரண்: யார் எந்தச் செய்தியைத் தொடக் கூடாது?

கல்லூரிக் கலைவிழாவின் வரவு செலவு பற்றி உங்கள் மாணவர் இதழ் ஒரு செய்தி போடப் போகிறது. எழுத முன்வந்திருப்பவர் நன்றாக எழுதுவார், பொய் சொல்லமாட்டார். ஆனால் விழாக் குழுவின் பொருளாளர் அவருடைய விடுதி அறைத்தோழர். அவரிடம் இந்தச் செய்தியைக் கொடுக்கலாமா?

கூடாது. அவருடைய நேர்மையில் சந்தேகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு சரி என்று எழுதினால் 'ரூம்மேட்டைக் காப்பாத்திட்டான்' என்பார்கள். கணக்கில் குளறுபடி என்று எழுதினால் 'ரூமில் ஏதோ சண்டை போலிருக்கு' என்பார்கள். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் அதை அவர் எழுதியதாலேயே நம்ப ஆள் இருக்காது. உழைத்துச் சேகரித்த தகவல் வீணாகும்.

இதைத்தான் நலன் முரண் என்கிறோம். வாசகருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை ஒரு பக்கம் இழுக்க, உங்களுடைய உறவோ பணமோ பதவியோ பகையோ இன்னொரு பக்கம் இழுக்கக்கூடிய நிலைமை. அந்த நிலைமையில் இருப்பது தவறல்ல. யாரும் அறைத்தோழரைச் செய்தியை எண்ணித் தேர்ந்தெடுப்பதில்லை. தவறு தொடங்குவது, அது தெரிந்தும் வாயைத் திறக்காமல் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடத்தில்.

அமெரிக்காவின் தொழில்முறை இதழியலாளர் சங்கத்தின் நெறிமுறை, உண்மையில் இருக்கும் முரண்களோடு, பார்ப்பவர் கண்ணுக்கு முரணாகப் படக்கூடியவற்றையும் தவிர்க்கச் சொல்கிறது. தவிர்க்க முடியாததை வெளிப்படையாகச் சொல்லிவிடச் சொல்கிறது. 'காலேஜ் மேகசீனுக்கு இவ்வளவு தேவையா' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தச் சங்கத்தை 1909-இல் தொடங்கியவர்கள் இந்தியானா மாநிலத்தின் டிபா பல்கலைக்கழக மாணவர்கள்.

உண்மையில் மாணவர் இதழில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பெரிய நாளிதழில் ஒருவருக்குச் சிக்கல் என்றால் செய்தியை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடலாம். உங்கள் இதழில் மொத்தமே எட்டுப் பேர். அதில் இருவர் நாட்டு நலப்பணித் திட்டத்தில், ஒருவர் மாணவர் பேரவையில், ஒருவர் உணவுக் குழுவில். போதாததற்கு, நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய பேராசிரியரே உங்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் போடுகிறார். பல பாடங்களில் அது நூற்றுக்கு 25. சில இடங்களில் 40. முரணே இல்லாத மாணவர் இதழ் என்று ஒன்று இருக்க முடியாது. யாருக்கு எங்கே முரண் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் இதழும், வெளியான பிறகு மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் இதழும் இருக்கின்றன.

எது முரண், எது இல்லை

புதிதாக வருபவர்கள் இங்கே இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் நெருங்கிய நண்பரைப் பேட்டி எடுத்துவிட்டு 'அதிலென்ன' என்கிறார்கள். சிலர் விடுதியில் தங்கியிருப்பவர் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதவே கூடாது என்கிறார்கள்.

ஒரு கேள்வி இதைத் தெளிவாக்கும்: இந்தச் செய்தி எப்படி வெளியாகிறது என்பதைப் பொறுத்து, என்னைப் போன்ற மற்றவர்களுக்குக் கிடைக்காத தனி லாபமோ தனி நட்டமோ எனக்கு உண்டா? விடுதிக் கட்டணம் குறைந்தால் அங்கே தங்கியிருக்கும் 600 பேருக்கும் குறையும். அந்த 600 பேரில் ஒருவராக இருப்பது முரண் ஆகாது. ஆனால் உணவுக் குழு உறுப்பினருக்கு அந்தச் செய்தியால் பெயர் கெடலாம். அவர் எழுதக் கூடாது. உணவு ஒப்பந்ததாரரின் மகன் அதே கல்லூரியில் படித்தால் அவரும் கூடாது.

இதே அளவுகோலை அடையாளங்களுக்கும் வைத்துப் பாருங்கள். பாலியல் தொல்லை பற்றிய செய்தியை ஒரு பெண் எழுதுவதோ, உதவித்தொகை தாமதம் பற்றிய செய்தியை அந்த உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிரிவைச் சேர்ந்த மாணவர் எழுதுவதோ நலன் முரண் அல்ல. ஒருவருடைய பால், சாதி, மதம், ஊர் ஆகியவற்றைக் காட்டி 'இவர் நடுநிலையாக எழுதமாட்டார்' என்று ஒதுக்கத் தொடங்கினால், எழுத மிஞ்சுவது பிரச்சினையே தெரியாதவர்கள்தான். செய்தியில் சிக்கியவர்கள் இந்த வாதத்தை வேண்டுமென்றே எடுத்து வீசுவதும் உண்டு. ஆசிரியர் குழு அப்போது கேட்க வேண்டியது: குறிப்பாக என்ன உறவு, என்ன பணம், என்ன பதவி? பதில் இல்லையென்றால் செய்தியாளரை மாற்றாதீர்கள். அதே மாணவரின் உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டு அவர் மேல்முறையீடு செய்திருந்தால் கதை வேறு. அது அவருடைய தனிக் கணக்கு.

நட்பும் காதலும் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வரும். பகை வராது. முன்னாள் காதலர், தேர்தலில் உங்களைத் தோற்கடித்தவர், உங்கள் மீது புகார் கொடுத்தவர், உங்களை ஃபெயில் ஆக்கிய ஆசிரியர் என எல்லாரும் இந்தப் பட்டியலில் உண்டு. இன்னொன்று, எதிர்பார்ப்பு. அடுத்த மாதம் ஒரு துறைத்தலைவரிடம் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகிறீர்கள். இந்த வாரம் அவருடைய துறையின் ஆய்வகப் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். இதுவரை எதுவும் கைமாறவில்லை. ஆனாலும் முரண்தான்.

மாணவர் தேர்தல் தனியாகப் பார்க்க வேண்டியது. இங்கேதான் முரண்கள் கும்பலாக வந்து சேரும். மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது; 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. தேர்தல் நடக்கும் கல்லூரியில் மாணவர் இதழ் கேட்க வேண்டிய முதல் கேள்வியே யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பது. இதழின் வடிவமைப்பாளர் ஒரு வேட்பாளருக்கு 'ஃப்ரெண்டுக்காக' இலவசமாகப் போஸ்டர் செய்து கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அது அந்த வேட்பாளருக்குச் செலவு மிச்சம். அதாவது செய்தியின் ஒரு பகுதியே அவர். அவர் தேர்தல் பக்கங்களை வடிவமைக்கக் கூடாது. எந்தப் படம் பெரிதாக, எது மூலையில் என்பதை முடிவு செய்வதும் இதழியல் முடிவுதான். செய்தியாளரை மட்டும் விசாரித்துவிட்டுப் புகைப்படக்காரரையும் வடிவமைப்பாளரையும் சமூக ஊடகப் பக்கத்தை நடத்துபவரையும் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தேர்தல் காலத்தில் இதழில் இருப்பவர்கள் வேட்பாளரின் ஸ்டேட்டஸைப் பகிர்வது, முகப்புப் படத்தில் சின்னம் வைப்பது இரண்டையும் நிறுத்த வேண்டும். வாக்களிப்பது உரிமை, பிரசாரம் செய்துகொண்டே செய்தி எழுதுவது முடியாது. போட்டியிட விரும்புபவர் வேட்புமனுத் தாக்கல் செய்யும் முன்பே இதழிலிருந்து விலகிவிட வேண்டும்; தோற்றாலும் அந்தப் பருவம் முடியும்வரை பேரவைச் செய்திகள் பக்கம் வரக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது

நலன் முரண் என்பது செய்தியாளர் தன்னிடம் மட்டும் தேட வேண்டியது அல்ல. அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் தேட வேண்டியது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழான 'தி ஸ்டான்ஃபோர்டு டெய்லி' 2022 நவம்பர் இறுதியில், பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியே லவீன் பெயர் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக எழுந்த குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. எழுதியவர் தியோ பேக்கர் என்ற முதலாமாண்டு மாணவர். பல்கலைக்கழக அறங்காவலர்கள் விசாரணைக்கு ஒரு குழுவை அமைத்தார்கள்.

மாணவர்கள் அதோடு நிற்கவில்லை. குழுவில் இருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தார்கள். அதில் ஒருவருடைய முதலீட்டு நிறுவனம், டெசியே லவீன் இணைந்து தொடங்கிய டெனாலி என்ற மருந்து நிறுவனத்தில் சுமார் 1.8 கோடி டாலர் முதலீடு வைத்திருந்தது. அதை எழுதினார்கள். அந்த உறுப்பினர் குழுவிலிருந்து விலகினார். 2023 ஜூலையில் விசாரணை அறிக்கை வந்தது. தலைவர் தாமே தரவுகளைத் திரித்ததாக அறிக்கை சொல்லவில்லை. ஆனால் பிழைகள் தெரிந்தபோது உறுதியாகத் திருத்த முன்வரவில்லை என்றது. அவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பின்னணி: அந்த நாளிதழ் 1973-இலேயே பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பாகிவிட்டது. தலைவரைப் பற்றி எழுத அவருடைய நிர்வாகத்திடம் அச்சுச் செலவு கேட்க வேண்டிய நிலை இல்லை.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் பணத்தில் இதழ் வருகிறது, முதல்வர் புரவலர், ஒரு பேராசிரியர் பொறுப்பாசிரியர். இந்த முரண் யாரும் ஒதுங்கிக்கொள்வதால் தீராது, அமைப்பிலேயே இருக்கிறது. இதற்கு முழுத் தீர்வு இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நல்லது. செய்யக்கூடியது, யார் எதை முடிவு செய்வார் என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, எந்தச் சர்ச்சையும் இல்லாத நேரத்தில், ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குவது. உண்மைப் பிழையைச் சுட்டிக்காட்டும் உரிமை பொறுப்பாசிரியருக்கு உண்டு. 'இது கல்லூரிக்கு நல்ல பெயர் தராது' என்பது உண்மைப் பிழை ஆகாது. பொறுப்பாசிரியரின் சொந்தத் துறை பற்றிய செய்தி என்றால் அதை வேறொரு பேராசிரியர் பார்ப்பார் என்ற வரியும் அதில் இருக்கட்டும். முதல் வாரத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சர்ச்சை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

நடைமுறையில் என்ன செய்வது

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லோரும் ஓர் ஏ4 தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். என்னென்ன சங்கம், குழு, கட்சி சார்ந்த மாணவர் அமைப்பில் இருக்கிறேன். எங்கே பகுதிநேர வேலை பார்க்கிறேன். குடும்பத்தில் யாராவது இந்தக் கல்லூரியிலோ அதற்குப் பொருள் வழங்கும் நிறுவனத்திலோ வேலை பார்க்கிறார்களா. யாரைப் பற்றி நான் எழுதக் கூடாது. இந்த நான்கு போதும். கடைசிக் கேள்விக்குப் பெயர் மட்டும் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். காதலையோ குடும்பச் சண்டையையோ தாளில் எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். எழுதிய ஒருவருடைய தாள் வெளியே போனால் அவருக்கு வீட்டிலேயே பிரச்சினை வரலாம். இதே காரணத்தால் எல்லோரும் பார்க்கக்கூடிய கூகுள் ஷீட்டில் இதைச் சேகரிக்கக் கூடாது. ஆசிரியரும் துணை ஆசிரியரும் மட்டும் பார்க்க வேண்டும். ஆசிரியர் தன்னுடைய தாளைத் துணை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். ஆசிரியருக்கு மட்டும் தாள் கிடையாது என்ற இதழில் இந்த ஏற்பாடு மொத்தமும் கண்துடைப்பு.

தாளில் இல்லாதது செய்தி ஒதுக்கும்போது வரும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் 'யாருக்காவது பிரச்சினையா' என்று கேட்டால் அமைதிதான் பதில். ஒதுக்கிய பிறகு தனியே கேளுங்கள். 'எனக்கு வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்காமல் வேறொருவருக்கு மாற்றுங்கள்.

ஒதுங்கிக்கொள்வது என்றால் என்ன என்பதில்தான் பெரும்பாலான இதழ்கள் கோட்டைவிடுகின்றன. பெயரை மட்டும் எடுத்துவிட்டு, பின்னாலிருந்து 'சும்மா ஒரு ஹெல்ப்' செய்வது ஒதுங்குவது ஆகாது. அந்தச் செய்தி பேசப்படும் வாட்ஸ்ஆப் குழுவில் அவர் இருக்கக் கூடாது. கோப்பைப் பார்க்கும் அனுமதியை நீக்க வேண்டும். தலைப்பு, படம், எந்தப் பக்கம், எந்த நாள் எதிலும் கருத்துச் சொல்லக் கூடாது. வெளியாகும் முன் அந்த நண்பரிடம் 'உன்னைப் பற்றி வருது' என்று சொல்லக் கூடாது. இது ரொம்ப முக்கியம்; மீறப்படுவதும் இதுதான். அவருக்குத் தெரிந்த தகவல் செய்திக்குத் தேவையென்றால், வெளியாளிடம் கேட்பது போலவே செய்தியாளர் அவரிடம் கேட்டு, மற்ற ஆதாரங்களோடு ஒப்பிட்டு, அவர் இதழில் இருப்பவர் என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

ஆசிரியரே ஒதுங்க வேண்டியிருந்தால் துணை ஆசிரியரின் முடிவே இறுதி. யார், எந்தத் தேதியில், எந்தச் செய்தியிலிருந்து ஒதுங்கினார் என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

சில நேரம் வேறு ஆளே இருக்காது. வளாகத்தில் திடீர்ப் போராட்டம். அங்கே இருப்பவர் ஒருவர்தான், அவரும் அந்தப் போராட்டத்தை நடத்தும் அமைப்பில் உறுப்பினர். அவர் படம் எடுக்கட்டும், நேரம், எண்ணிக்கை, யார் என்ன பேசினார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். வந்தவுடன் குறிப்புகளை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். குறிப்புகளை வாங்கியவர் இரு தரப்பிடமும் புதிதாகப் பேசி எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் வாசகருக்கான குறிப்பு வருகிறது.

குறிப்பு எப்படி எழுதுவது? 'வெளிப்படைத்தன்மை கருதி, எங்கள் குழுவினர் சிலருக்கு இதில் தொடர்பு உண்டு' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. யார், என்ன தொடர்பு, செய்தியில் அவர் என்ன செய்தார் அல்லது செய்யவில்லை ஆகிய மூன்றும் வேண்டும். இப்படி: 'கலைவிழாக் குழுவின் பொருளாளர் இந்த இதழின் விளம்பரப் பிரிவிலும் பணியாற்றுகிறார். இந்தச் செய்தியைச் சேகரித்ததிலோ திருத்தியதிலோ அவருக்குப் பங்கில்லை.' அச்சில் அந்தக் குழு முதலில் குறிப்பிடப்படும் பத்தியை அடுத்தே இது வரட்டும்; கடைசிப் பக்கத்தின் அடியில் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் 'மேலும்' என்று மடங்கும் முன் முதல் இரண்டு வரியில். காணொளி என்றால் வாயால் சொல்லி, திரையிலும் காட்ட வேண்டும். கீழே விவரப் பெட்டியில் போடுவதை யாரும் படிப்பதில்லை.

ஆனால் குறிப்பு ஒரு சர்வரோக நிவாரணி அல்ல. அண்ணன் போட்டியிடும் தேர்தலைத் தம்பி எழுதிவிட்டு 'வேட்பாளர் என் அண்ணன்' என்று போட்டால் அது நேர்மையான ஒப்புதல்தான், நம்பத்தக்க செய்தி அல்ல. ஒதுங்க முடியும் என்றால் ஒதுங்குவதே முதல் வழி.

பணம், பரிசு, விளம்பரம்

பத்திரிகையாளர் சந்திப்பில் பணம் வைத்த 'கவர்' கொடுக்கும் பழக்கம் பற்றித் தமிழ்நாட்டில் செய்தித் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி மாணவருக்கு அது டி-ஷர்ட்டாக, பென் டிரைவாக, ஃபுட் கூப்பனாக, கலைவிழாவின் இலவசப் பாஸாக வரும். தேநீர், வடை, குறிப்பேடு, பேனா வரை பிரச்சினையில்லை. அதற்கு மேல் எதுவானாலும் 'எங்கள் இதழில் அனுமதி இல்லை, தவறாக நினைக்காதீர்கள்' என்று அங்கேயே திருப்பிக் கொடுப்பதுதான் எளிது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு திருப்பித் தருவது கடினம். மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டால் தட்டிவிட முடியாது. வாங்கி, இதழ் அலுவலகத்தில் வைத்து, குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். நிகழ்ச்சியைப் பார்த்து எழுதுவதற்கு ஒரு பாஸ் வாங்கலாம். நண்பர்களுக்கென்று நான்கு வாங்கினால் அது லஞ்சம்.

கல்விச் சுற்றுலா, தொழிற்சாலைப் பார்வை என்று ஒரு நிறுவனம் தன் செலவில் அழைத்துப்போனால்? இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள், நிதித்துறைச் செய்தியாளர்களுக்குச் சொல்வது இது: நிறுவனங்களிடமிருந்து பரிசு, கடன், பயணம், தள்ளுபடி ஏற்கக் கூடாது; நிறுவனத்தின் செலவில் போய்வந்திருந்தால் பயணமும் உபசரிப்பும் அவர்களுடையது என்று செய்தியிலேயே தவறாமல் சொல்ல வேண்டும். மாணவர் இதழும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் வரும் முரண் இதைவிட நுட்பமானது. பெரிய நாளிதழ்களே இதில் விழுந்திருக்கின்றன. 1999 அக்டோபரில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' தன் ஞாயிறு இதழ் ஒன்றை முழுக்க ஸ்டேப்பிள்ஸ் சென்டர் என்ற புதிய விளையாட்டு அரங்கத்துக்கு ஒதுக்கியது. அந்த இதழின் விளம்பர லாபத்தை அரங்கத்தோடு பங்கிட்டுக்கொள்ள நிர்வாகம் ஒப்பந்தம் போட்டிருந்தது; எழுதியவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தபோது செய்திப் பிரிவு கொதித்தெழுந்தது, பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டார், நாளிதழ் தன் தவறைத் தானே விசாரித்து நீண்ட அறிக்கையாக வெளியிட்டது. எழுதியவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய எழுத்து விற்கப்பட்டதாகத்தான் ஊர் பார்த்தது.

உங்கள் இதழுக்கு விளம்பரம் தருபவர்கள் கோச்சிங் சென்டர், வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிறுவனம், கல்லூரி வாசலில் இருக்கும் பிரியாணிக் கடை. விளம்பரம் பிடிப்பவரும் செய்தி எழுதுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது விதி. எட்டுப் பேரில் அது முடியாதென்றால், ஒரே கடையிடம் விளம்பரமும் வாங்கி அதைப் பற்றி எழுதவும் ஒரே ஆள் போகக் கூடாது என்பதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிப் போடும் எதற்கும் 'விளம்பரம்' என்ற சொல் பெரிதாக, மேலே, படிக்கும்படி இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் கூட்டுப் பதிவுக்கும் இதேதான்.

ஆனால் விளம்பரதாரரால் வரும் பெரிய சேதம், எழுதியதில் தெரியாது. அந்தக் கோச்சிங் சென்டர் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை என்று மூன்று மாணவர்கள் சொன்னபோது 'இப்ப வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடப்பட்ட செய்தியில் இருக்கிறது. எழுதாத செய்தியில் முரணைக் கண்டுபிடிக்க வாசகருக்கு வழியே இல்லை. அதனால் கைவிடும் ஒவ்வொரு செய்திக்கும் யார் சொன்னது, ஏன் கைவிட்டோம் என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு பருவ முடிவில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்தால் போதும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும், வெளியான பிறகு முரண் ஒன்று தெரியவரலாம். பதிவைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள். திரைப்பிடி எடுத்து வைத்திருப்பவர் கண்டிப்பாக இருப்பார். முதலில், தொடர்பில்லாத ஒருவர் அந்தச் செய்தியின் ஒவ்வொரு தகவலையும், மேற்கோளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். எந்தெந்தத் தகவல் அந்த ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிற்பவை நிற்கட்டும். நிற்காதவற்றைத் திருத்துங்கள். செய்தியின் மேலேயே தேதியிட்டு, என்ன தொடர்பு பின்னர் தெரியவந்தது, யார் மறுபடி சரிபார்த்தது, எது மாற்றப்பட்டது என்று போடுங்கள். அச்சு இதழ் என்றால் அடுத்த இதழில், முதலில் செய்தி வந்த அதே பக்கத்தில்.